கூட்டு வட்டியில் சென்டம்... பைக் லோனில் கோட்டை! - வாழ்க்கைக்குப் பாடம் சொல்லும் குட்டி கோர்ஸ்கள் யாருக்குக் கிடைக்கின்றன?

போன மாதம் திண்டுக்கல்லில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் புது பைக். சந்தனப் பொட்டு, எலுமிச்சம்பழம் எல்லாம் இன்னும் காயவில்லை. "லோன்லதான்க்கா எடுத்தோம். அப்பா பேர்ல போட்டிருக்கு. பத்தே பத்து பர்சென்ட்தான். பேங்க்லகூட இவ்ளோ கம்மியா கிடைக்காதுன்னு ஷோரூம்ல சொன்னாங்க" என்றான் தம்பி. பி.எஸ்சி கணிதம், கடைசி வருஷம் படிக்கிறான். பத்தாவதில் கணக்கில் சென்டம் எடுத்து, தெருவுக்கே மிட்டாய் கொடுத்த பையன்.

லோன் பேப்பரைக் காட்டச் சொன்னேன். ஒரு லட்சம் ரூபாய் கடன், 36 மாதத் தவணை, மாதம் 3,611 ரூபாய். மொபைலில் கால்குலேட்டரைத் திறந்து பெருக்கினால், மொத்தம் கட்டப்போவது 1 லட்சத்து 30 ஆயிரம். "ஆமா, ஒரு லட்சத்துக்குப் பத்து பர்சென்ட்னா வருஷத்துக்குப் பத்தாயிரம். மூணு வருஷத்துக்கு முப்பதாயிரம். கரெக்ட்டாதானே இருக்கு?" என்றான்.

கேட்க கரெக்ட்டாகத்தான் இருக்கிறது. ஆனால், மூன்று வருஷமும் அந்த ஒரு லட்சம் அவர்கள் கையிலேயே இருக்கப்போவதில்லையே! மாதாமாதம் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறார்கள். ஒன்றரை வருஷத்தில் பாதிக் கடன் அடைந்திருக்கும். ஆனால், வட்டி மட்டும் கடைசி வரை முழு ஒரு லட்சத்துக்கும் ஓடும். 36-வது மாதம் பாக்கி இருக்கும் அசல் வெறும் 2,778 ரூபாய். அந்த மாத வட்டி 833 ரூபாய். இதுதான் 'ஃப்ளாட் ரேட்'. குறைந்துகொண்டே வரும் அசலுக்குக் கணக்குப் போட்டால், இந்தக் கடனின் உண்மையான வட்டி ஏறக்குறைய 18 சதவிகிதம். நிஜமாகவே 10 சதவிகிதம் என்றால் மாதத் தவணை 3,227 ரூபாய்தான் வந்திருக்கும். மூன்று வருஷத்துக்கான மொத்த வட்டி 16 ஆயிரத்துச் சொச்சம். வித்தியாசம் கிட்டத்தட்ட 14 ஆயிரம். சித்தப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

இதைவிடக் கொடுமை அடுத்த பக்கத்தில் இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடன் கொடுக்கும்போது, உண்மையான ஆண்டுச் செலவு விகிதம் எவ்வளவு என்பதைத் தெளிவாக அச்சிட்ட ஒரு தகவல் தாளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அந்தத் தாளும் ஃபைலில் இருந்தது. 'ஏ.பி.ஆர்' என்ற மூன்று எழுத்துக்கு நேராக 18-ஐ ஒட்டிய ஒரு எண்ணும் இருந்தது. கீழே சித்தப்பாவின் கையெழுத்து. சாட்சிக்கு, கணித மாணவனான மகனின் கையெழுத்து.

"இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரலைக்கா" என்றான். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. முதல் வேலையில் சேர்ந்த புதிதில் கடனில் ஒரு லேப்டாப் வாங்கி, 'நோ காஸ்ட்' என்ற வார்த்தையை நம்பி, பிராசஸிங் ஃபீஸ், அதற்கு ஜி.எஸ்.டி என்று அழுதவள் நான்.

ஆனால், அவன் சொன்னது முழு உண்மையும் இல்லை. கொஞ்சம் துருவியதும் வெளியே வந்தது. அவன் கல்லூரியில் போன வருஷம் 30 மணி நேரத்தில் ஒரு 'வேல்யூ ஆடட் கோர்ஸ்' நடந்திருக்கிறது. தனிநபர் நிதி மேலாண்மை. விருப்பப்பட்டவர்கள் சேரலாம். இவன் சேரவில்லை. ஏன்? "சனிக்கிழமை மத்தியானம் வெச்சாங்க. நான் சனி, ஞாயிறு மொபைல் கடைக்குப் போவேன்ல..."

புத்தகத்திலேயே இருக்குதே!

பள்ளி, கல்லூரிப் பாடங்களை நிஜ வாழ்க்கையோடு இணைக்கும் குறுகிய கால கோர்ஸ்கள் இப்போது ஒரு சீஸன் போலப் பெருகிவிட்டன. ஆன்லைனில், ஆஃப்லைனில், இலவசமாக, கட்டணத்துடன் என எல்லா ரகத்திலும் இருக்கின்றன. 'படிச்சதுக்கும் வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லை' என்ற பழைய புலம்பலுக்கு இவைதான் மருந்து என்கிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால், அது வேண்டியவர்கள் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் ஒரு விஷயம். நம் பாடத்திட்டம் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு எட்டாம் வகுப்பு கணிதப் புத்தகத்தில் ஓர் இயலின் பெயரே 'வாழ்வியல் கணிதம்'. சதவிகிதம், லாப நஷ்டம், தள்ளுபடி, கூட்டு வட்டி எல்லாம் அதில்தான் வருகின்றன. பிளஸ் ஒன் வணிகக் கணிதத்தில் 'நிதியியல் கணிதம்' என்று ஓர் அத்தியாயமே உண்டு. ஆனால், அதைப் படிப்பவர்கள் காமர்ஸ் பக்கம் போன பிள்ளைகள் மட்டும். ப்யூர் சயின்ஸ் எடுத்த என் தம்பிக்கு எட்டாம் வகுப்போடு வட்டி முடிந்துவிட்டது. அந்த வயதில் வட்டி என்பது ஃபார்முலாவில் எண்களைப் போட்டு விடை எழுதும் வேலை. அந்தப் பாடம் உயிர் பெற வேண்டியது 19, 20 வயதில். முதல் சம்பளம், முதல் கடன், முதல் வாடகை ஒப்பந்தம் எல்லாம் வரும் வயது. அந்த நேரத்தில் கல்லூரிப் பாடத்திட்டம் வேறு எங்கோ நிற்கிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் குறுகிய கால கோர்ஸ்கள்.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் எண் போதும். தேசிய நிதிக் கல்வி மையம் 2019-ல் நடத்திய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தவர்களில் 27 சதவிகிதம் பேர்தான் நிதி விஷயத்தில் எழுத்தறிவு பெற்றவர்கள். அதாவது, நாலில் மூன்று பேர் என் சித்தப்பாதான்.

ஒரே ஒரு யூனிட்... 233 ரூபாய்!

நல்ல கோர்ஸ் என்றால் எப்படி இருக்கும்? எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 2017-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கார்ல் பெர்க்ஸ்ட்ராம் என்ற உயிரியல் பேராசிரியரும், ஜெவின் வெஸ்ட் என்ற தகவல் அறிவியல் பேராசிரியரும் சேர்ந்து ஒரு சின்ன வகுப்பு தொடங்கினார்கள். ஒரே ஒரு கிரெடிட். அதன் தலைப்பை அப்படியே இங்கே எழுத முடியாது. நாகரிகமாகச் சொன்னால், 'புருடாவைக் கண்டுபிடிப்பது எப்படி'. செய்திகளிலும் விளம்பரங்களிலும் வரும் எண்களையும் கிராஃப்களையும் எப்படிச் சந்தேகப்படுவது என்பதுதான் பாடம். அடிப்படையில் அது புள்ளியியல் வகுப்பு. புள்ளியியல் என்று பெயர் வைத்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்களோ தெரியாது. இதற்கு 160 இடங்களும் பதிவு தொடங்கிய முதல் நிமிடத்திலேயே நிரம்பிவிட்டன.

ஹார்வர்டில் 2010 முதல் சமையல் வழியாக இயற்பியலும் வேதியியலும் சொல்லித் தருகிறார்கள். உலகப் புகழ்பெற்ற சமையல் கலைஞர்கள் வகுப்புக்கு வந்து செய்து காட்டுகிறார்கள். எம்.ஐ.டி-யில் 1970-களின் தொடக்கத்திலிருந்தே ஜனவரி மாதம் முழுக்க இப்படிப்பட்ட குட்டி வகுப்புகளுக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. விருப்பம்போல எதையும் கற்றுக்கொள்ளலாம்.

'அதெல்லாம் ஹார்வர்டுக்குச் சரி' என்று சொல்லத் தோன்றுகிறதா? நம் வீட்டு கரன்ட் பில்லைக் கையில் எடுங்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். (அதன்பின் கட்டணம் ஏறியிருக்கிறது. ஆனால், கணக்கின் அமைப்பு இதுதான்.) இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால், முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2 ரூபாய் 25 காசு, அடுத்த 200-க்கு 4 ரூபாய் 50 காசு, அடுத்த 100-க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். 501 யூனிட் ஓடினால்? அந்த ஒரு யூனிட்டின் விலை 8 ரூபாய் என்றுதானே நினைப்போம். இல்லை. 500-ஐத் தாண்டியதும் 2 ரூபாய் 25 காசு என்ற படியே காணாமல் போய்விடும். 101-லிருந்து 400 வரைக்கும் 4 ரூபாய் 50 காசு. ஆக மொத்தம் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுதல்!

பிளஸ் ஒன் கணக்கில் சார்புகள் என்ற பாடம் வரும். சில சார்புகள் ஒரு புள்ளியில் தொடர்ச்சி அறுந்து படக்கென்று மேலே தாவும். தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அட, இது டிஸ்கன்டின்யூட்டி!" என்று குதித்தான். நோட்டில் நூறு முறை வரைந்த படம் அது. வீட்டு மீட்டரில் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அன்று மாலை ரீடிங் எடுக்கப் போனவன், "பெரியம்மா வீட்ல ஏ.சி எவ்ளோ நேரம் ஓடும்?" என்று எனக்கே போன் போட்டான்.

வேதியியலுக்கு உதாரணம் கழிவறையில் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்பது பள்ளிப் பாடம். சமன்பாடு எழுதி மார்க் வாங்கியிருப்போம். பிறகு, 'ரெண்டையும் சேர்த்துப் போட்டா நல்லா பளிச்சுனு ஆகும்' என்று டாய்லெட் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு, கண் எரிய, இருமிக்கொண்டு வெளியே ஓடி வருவோம். ஜன்னல் இல்லாத குளியலறையில் இது விளையாட்டே இல்லை. உயிருக்கே ஆபத்து.

இந்த மாதிரி யோசித்த கோர்ஸ்கள் இந்தியாவிலும் உண்டு. சி.பி.எஸ்.இ பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை 12 - 15 மணி நேரத்தில் முடியும் சின்னச் சின்னத் திறன் பாடங்கள் விருப்பப்பாடமாக இருக்கின்றன. கோடிங், ஏ.ஐ என்று வழக்கமானவை ஒரு பக்கம். 'வீட்டில் மருந்துகளை வைத்திருக்கும்போது தெரிந்துகொள்ள வேண்டியவை', 'டாக்டர் அருகில் இல்லாதபோது என்ன செய்வது' என்ற பாடங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எந்தப் புண்ணியவான் யோசித்தாரோ! ஆனால், ஒரு பள்ளி எதை நடத்துவது என்பது அந்தப் பள்ளியின் விருப்பம். அட்மிஷன் பேனரில் 'ஏ.ஐ' என்று போட்டால் கிடைக்கும் மவுசு, 'வீட்டு மருந்துப் பெட்டி' என்று போட்டால் கிடைக்குமா?

சென்னை ஐ.ஐ.டி-யின் பிரவர்த்தக் அமைப்பு 2022-ல் தொடங்கிய 'அவுட் ஆஃப் தி பாக்ஸ் திங்க்கிங்' கணித கோர்ஸும் இதே வகையில் நல்ல முயற்சி. ஃபார்முலாவை மனப்பாடம் செய்யாமல், புதிராகவும் விளையாட்டாகவும் கணக்கை அணுகச் சொல்லித் தரும் ஆன்லைன் வகுப்பு. கட்டணம் இல்லை. பள்ளி, கல்லூரி மாணவர்கள் 10 லட்சம் பேரைச் சென்றடைவது இலக்கு என்று அறிவித்தார்கள். ஐ.ஐ.டி-க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல் தளத்திலும் பாடங்களைப் பார்க்கக் காசு வேண்டாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம்.

இவ்வளவு இருந்தும் என் தம்பிக்கு ஃப்ளாட் ரேட் தெரியவில்லை. ஏன்?

30 மணி நேரக் கணக்கின் ரகசியம்

என்னோடு படித்த தோழி ஒருத்தி தனியார் கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். அவளிடம் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். "வேல்யூ ஆடட் கோர்ஸ் எல்லாம் எதுக்காக 30 மணி நேரம்னு தெரியுமாடி? நாக் விசிட்டுக்கு!" என்றாள்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' அமைப்புக்கு ஒவ்வொரு கல்லூரியும் நீண்ட அறிக்கை கொடுக்க வேண்டும். அதில், கடந்த ஆண்டுகளில் எத்தனை கூடுதல் சான்றிதழ் கோர்ஸ்கள் நடத்தினீர்கள், எத்தனை மாணவர்கள் முடித்தார்கள் என்று ஒரு கேள்வி உண்டு. 30 மணி நேரத்துக்குக் குறையாத கோர்ஸ்தான் கணக்கில் வரும். நோக்கம் நல்லதுதான். ஆனால், எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்று வந்துவிட்டால், எண்ணிக்கைதானே வளரும்? ஒவ்வொரு துறையும் வருஷத்துக்கு இத்தனை கோர்ஸ் என்று டார்கெட். பேராசிரியர்களுக்கு இதற்குத் தனி நேரமும் கிடையாது, தனிச் சம்பளமும் கிடையாது. வாரநாளில் டைம் டேபிள் நிரம்பியிருக்கிறது. அதனால் சனிக்கிழமை மத்தியானம். வருகைப் பதிவேடு, போட்டோ, கேள்வித்தாள், சான்றிதழ் நகல் எல்லாம் ஃபைலில் இருக்க வேண்டும். "கிளாஸ் நல்லா நடந்துச்சான்னு யாரும் கேட்க மாட்டாங்க. ஜியோ டேக் போட்ட போட்டோ இருக்கான்னுதான் கேட்பாங்க" என்கிறாள்.

இதில் தோழியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரம் 16 மணி நேரத்துக்குக் குறையாமல் வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, அட்மிஷன் சமயத்தில் நோட்டீஸும் விநியோகித்துவிட்டு வருபவள், சனிக்கிழமை மத்தியானம் வாழ்க்கைக்கான பாடத்தை உற்சாகமாக எடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு பக்கம் 'நான் முதல்வன்'. 2022 மார்ச் 1-ல் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த இந்தத் திட்டம், ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்ற இலக்கோடு வந்தது. கல்லூரிப் படிப்புக்குள்ளேயே, கிரெடிட்டோடு, மாணவர்களிடம் பணம் வாங்காமல் திறன் கோர்ஸ்கள் கொடுப்பது பெரிய மாற்றம்தான். சனிக்கிழமைக்குத் தள்ளாமல் பாடத்திட்டத்துக்குள் கொண்டு வந்தால்தான் எல்லோருக்கும் கிடைக்கும் என்பதை அரசு புரிந்துகொண்டது என்றே இதைப் பார்க்கிறேன். ஆனால், அதன் கண் முழுக்க வேலைவாய்ப்பின் மேல் இருக்கிறது. கம்ப்யூட்டர், ஆங்கிலம், வங்கித் துறைக்கான பயிற்சி என்று கம்பெனிகள் என்ன கேட்கின்றனவோ அதுதான் பாடம். வேலை முக்கியமில்லை என்று யார் சொல்வார்கள்? முதல் தலைமுறைப் பட்டதாரி வீட்டில் போய் அப்படிப் பேசிப் பாருங்கள், செருப்பு பிஞ்சிடும். ஆனால், வங்கியில் கடன் கொடுக்கும் வேலைக்குப் பயிற்சி கொடுக்கும் அதே பையனுக்கு, கடன் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல இடமில்லாமல் போகிறது. தொழிலாளியாக அவனைத் தயார் செய்கிறோம். வாடிக்கையாளனாக, நோயாளியாக, வாடகைதாரராக அவன் எப்படிச் சமாளிப்பான் என்பது யாருடைய பொறுப்பிலும் இல்லை.

கட்டாயமாக்கினால் சரியாகிவிடுமா?

'அப்போ எல்லாருக்கும் கட்டாயம்னு ஆக்கிட வேண்டியதுதானே' என்பதுதான் உடனே வரும் பதில். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பரிசோதனை முடிவு இருக்கிறது. பெயர், இ.வி.எஸ்.

எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்றது. பிறகு யு.ஜி.சி எல்லா இளநிலைப் படிப்புகளுக்குமான ஆறு மாதப் பாடத்திட்டத்தைத் தயாரித்தது. அந்தப் பாடத்திட்டத்தை இப்போது படித்தாலும் ஆசையாக இருக்கும். ஆறு, காடு, மலை, மாசடைந்த ஓர் இடம் எனப் பக்கத்தில் உள்ளதை நேரில் போய்ப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும், உள்ளூர்ச் செடிகள், பறவைகளைப் படிக்க வேண்டும் என்று களப்பணிக்கே 5 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வாழ்க்கையோடு இணைந்த பாடம் என்றால் இதுதானே!

நாங்கள் படித்தது எப்படி? 'ஓசோன் படலம் - குறிப்பு வரைக', 'உணவுச் சங்கிலியை விளக்குக'. தேர்வுக்கு முந்தைய நாள் ஜெராக்ஸ் கடையில் முப்பது ரூபாய் நோட்ஸ். பாஸானால் போதும், மார்க் சேராது. எங்கள் கல்லூரிச் சுவருக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. தினமும் சாயங்காலம் அதன் கரையில் குப்பையை எரிப்பார்கள். புகை வகுப்புக்குள் வரும். ஜன்னலைச் சாத்திவிட்டு, 'காற்று மாசுபாட்டின் காரணங்கள்' எழுதினோம். ஒருநாள்கூட யாரும் எங்களை அந்தக் குளத்துக்குக் கூட்டிப்போகவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

கட்டாயம் என்று வந்ததும் தேர்வு வரும். தேர்வு வந்ததும் கேள்வி வங்கி வரும். கேள்வி வங்கி வந்ததும் கோர்ஸ் செத்துவிடும். விருப்பப்பாடம் என்றால்? ஏற்கெனவே ஓரளவு விவரம் தெரிந்த, நேரமும் பஸ் வசதியும் இருக்கிற, கேட்டால் வீட்டில் பணம் கிடைக்கிற பிள்ளைகள் சேருவார்கள். என் தம்பி மொபைல் கடையில் நிற்பான். அவன் வகுப்பில் கிராமத்திலிருந்து வரும் பெண்கள் மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அதை விட்டால் அடுத்த பஸ் ஆறு மணிக்கு. ஆறு மணி பஸ்ஸுக்கு வீட்டில் என்ன பதில் சொல்வது? 'விருப்பம்' என்ற வார்த்தைக்குள் இத்தனை சங்கதி ஒளிந்திருக்கிறது.

நகரத்தில் கட்டணம் கட்டிப் படிக்கும் உலகம் இன்னும் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. சம்மர் கேம்ப்பில் 'குழந்தைகளுக்கான முதலீடு', வார இறுதியில் 'டெய்லி லைஃப் சயின்ஸ்', ஆன்லைனில் 'பப்ளிக் ஸ்பீக்கிங்'. வட்டிக் கணக்கு தெரியாவிட்டாலும் அப்பாவின் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் வட்டிக் கணக்கு கோர்ஸ் முதலில் கிடைக்கிறது. மாசம் 3,611 ரூபாய் கட்டும் வீட்டுக்குக் கிடைப்பதில்லை.

பில்லைக் கொண்டு வா!

என்ன செய்யலாம்? நான் கல்வியாளர் இல்லை. ஆனால், திண்டுக்கல் அடுப்படியில் ஒரு மணி நேரத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு சில விஷயங்கள் தோன்றுகின்றன.

முதலில், 30 மணி நேரம் எதற்கு? ஃப்ளாட் ரேட் எது, குறையும் வட்டி எது என்று புரிய எங்களுக்கு 40 நிமிஷம் ஆனது. கரன்ட் பில்லுக்கு 20 நிமிஷம். இருக்கிற கணித வகுப்பிலேயே, மாதத்துக்கு ஒரே ஒரு பீரியடை இப்படி மாற்றினால், தனி கோர்ஸும் வேண்டாம், சனிக்கிழமையும் வேண்டாம். பஸ்ஸும் போகாது. தேர்வு வேண்டாம். சான்றிதழும் வேண்டாம். சான்றிதழ் இல்லை என்றால் போட்டோ எடுக்க ஆளும் வராது, அதுவும் நல்லதுதான்.

இரண்டாவது, பாடப்புத்தகம் வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு பேப்பர் போதும். லோன் தாள், நகைக்கடன் ரசீது, மருந்துக் கடை பில், மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பாலிசி, வாடகை ஒப்பந்தம், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். (பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டுக் கொண்டு வரச் சொல்ல வேண்டும். எந்த வீட்டில் எவ்வளவு கடன் என்பது வகுப்புக்குத் தெரியக் கூடாது. பதினெட்டு வயதில் அந்த வெட்கம் ஆளைக் கொன்றுவிடும்.) கணித ஆசிரியர் ஒரு நாள், வேதியியல் ஆசிரியர் ஒரு நாள், விலங்கியல் ஆசிரியர் ஒரு நாள் அந்தப் பேப்பரைத் தங்கள் பாடத்தின் கண்ணோடு பார்க்கட்டும். தமிழாசிரியருக்கும் இதில் வேலை உண்டு. ஒப்பந்தங்களில் வரும் 'இதன்கண் கண்ட', 'மேற்படி சொத்து' போன்ற வாக்கியங்களைப் பிரித்து அர்த்தம் சொல்ல அவரைவிட யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது, இதைத் தமிழில் சொல்ல வேண்டும். நல்ல ஆன்லைன் கோர்ஸ்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. 'எஃபெக்டிவ் இன்ட்ரஸ்ட் ரேட்' என்று ஆரம்பித்தால் தம்பி தூங்கியிருப்பான். 'கடைசி மாசம் நீ தர வேண்டியது ரெண்டாயிரத்து எழுநூறு, அதுக்கு வட்டி எண்ணூறா?' என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இதில் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. தவணை 18 சதவிகிதம் என்று தெரிந்திருந்தாலும், வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்க சித்தப்பாவிடம் சம்பள ஸ்லிப் கிடையாது. தனியார் மில்லில் கையில்தான் சம்பளம். தெரிந்தே அந்தக் கடனை வாங்கியிருக்கலாம். அறிவு இருந்தும் வழி இல்லாத வீடுகளுக்கு கோர்ஸ் நடத்தி மட்டும் என்ன பயன் என்று யாராவது கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால், தெரிந்திருந்தால் முன்பணத்தைக் கொஞ்சம் கூட்டியிருப்பார்கள். 36 மாதத்தை 24 ஆக்க முடியுமா என்று பார்த்திருப்பார்கள். குறைந்தபட்சம் 'பத்து பர்சென்ட்தான்' என்று ஊருக்கெல்லாம் சொல்லி, பக்கத்து வீட்டுப் பையனையும் அதே ஷோரூமுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். ஆம், அனுப்பிவிட்டார்கள். அவன் அடுத்த வாரம் கையெழுத்துப் போடப்போகிறான் என்று அன்று தெரிய வந்தது.

தம்பி பேப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். அரை மணி நேரம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தவன், "அவன் லோன்ல இன்ஷூரன்ஸையும் சேர்த்துக் கணக்கு போட்டிருக்காங்கக்கா. அதுக்கும் சேர்த்து வட்டி" என்றான். முகத்தில் கோபமா உற்சாகமா என்று பிரிக்க முடியாத ஏதோ ஒன்று.

ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை புது பைக்கில்தான் கொண்டு வந்து விட்டான். வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான். "அக்கா, பெரியப்பா மாசாமாசம் சீட்டு கட்டுறாருல்ல... இருபது மாசச் சீட்டு, ஏலத்துல தள்ளி எடுக்குறது. அதுல நிஜமா எவ்ளோ வட்டி விழுதுன்னு இதே மாதிரி போட்டுப் பார்க்க முடியுமா?"

எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மாத ஏலத் தள்ளுபடியையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.